போட்டோவுக்காக அறுத்த கயிறு

அப்பாவுக்கு வணக்கம். சுகர் மாத்திரையை வேளைக்குப் போடுகிறீர்களா? அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா? போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கட்டிடக்கலைக் கல்லூரி விருது வாங்கிய செய்தியை நம் ஹார்டுவேர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறீர்களாம். நிறுத்துங்கள். அந்த விருது, இங்கே ஜீவனஹள்ளிக் குடியிருப்பில் மக்களுக்காக நாங்கள் கட்டிய திறந்த கூடத்துக்கு. அந்தக் கூடத்தில், அங்குள்ள பெண்கள் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். அவர்கள் வீடுகளுக்குள் வெயிலே வராது. விருதுக் குழு வந்த அன்று, "டிசைன் அசிங்கமா தெரியுது" என்று எங்கள் பேராசிரியரே கத்தரிக்கோல் எடுத்துக் கயிறுகளை அறுத்தெறிந்தார்.

ஈரத்துணியோடு நின்ற பிரபா அக்கா, "போட்டோ புடிச்சப்புறம் திரும்பக் கட்டிக்கலாமா சார்?" என்று கேட்டார். அந்த ஆள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேடையில் மட்டும் மக்கள், மக்கள் என்று வாய் கிழியப் பேசினார்.

எல்லார் முன்னாலும் அவரிடம் சண்டை போட்டேன். பயப்படாதீர்கள், மார்க்கில்தான் கை வைப்பார். வகுப்பில் இப்போது யாரும் என்னோடு சாப்பிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரபா அக்கா வீட்டில் சாப்பிடுகிறேன். அம்மாவின் பூண்டு ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள்.

ஹாலில் மாட்ட விருது போட்டோ கேட்டீர்கள். அதில் நான் இல்லை. ஊறுகாயோடு நம் கடை நைலான் கயிறு ஒரு கட்டு வையுங்கள். கத்தரிக்கோலுக்கு மசியாததாகப் பார்த்து எடுங்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

சிந்து