தாடைத்தசைப் பாடம்

25 செப்டெம்பர் 1974, புதன்

உடம்பெல்லாம் களைப்பு, ஆனாலும் நித்திரை வரவில்லை. இன்றைக்கு அழிந்துபோன ஆதிமனித இனமொன்றின் மண்டையோட்டைப் படிப்பித்தனான். உச்சியில் நீளமாக ஓர் எலும்பு மேடு. கடினமான கிழங்கும் கொட்டையும் அரைத்த பெரிய தாடைத்தசைக்கு அதுதான் பிடிமானம். பிள்ளைகளுக்கு அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியல் கொடுத்து, நெற்றிப்பொட்டில் கைவைத்துச் சப்பச் சொன்னேன்.

"டீச்சர், நான் நோன்பு" என்றாள் கிண்ணியாவிலிருந்து வரும் றஹ்மா.

மறந்தே போனேன். வெட்கமாய்ப் போயிற்று. பக்கத்திலிருந்த வசந்தி அவளின் கையை இழுத்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்துக்கொண்டு சப்பினாள்.

"தெரியுதோடி?"

"ஓம், தசை எழும்புது."

பிறகு றஹ்மா என்னைக் கேட்டாள். "டீச்சர், அந்த மனிசரும் வேணுமெண்டே சாப்பிடாமல் இருந்திருப்பினமோ?"

எலும்பைப் பார்த்து அதைச் சொல்ல ஏலாது என்றேன். அவள் அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.