ஆதன் நிறுத்திய தேரும் வெள்ளிக் கடையாணியும்

மழை தவறாது பொழிக, மன்றங்கள் பொலிக. மூன்று ஆறுகள் கூடும் நீலவரை நாட்டின் அரசி வானங்கை, கிழக்குக் கோட்டைத் தேர்ப்படைத் தலைவர் இளங்கண்ணனாருக்கு விடுக்கும் ஓலை. உமது குதிரைகள் நலமாகுக. உமது முழங்கால் நோவும் தணிந்திருக்கும் என நம்புகிறோம்.

சென்ற வேனில் விழாத் தேரோட்டத்தில் நம் அரண்மனைத் தேரைச் செலுத்திய ஆதன், எல்லோருக்கும் முன்னே சென்றும், இரண்டாம் சுற்றின் முடிவில் தேரை நிறுத்தினான். சக்கரம் அச்சைவிட்டுக் கழலாமல் காக்கும் கடையாணிக்குப் பூசையில் சந்தனம் சாத்தியபின், ஓட்டம் முடியும்வரை அதை எவரும் தொடலாகாது என்பது நம் வழக்கம். அவனோ இறங்கிச் சந்தனத்தைத் துடைத்து, ஆணியை அடித்து இறுக்கினான். அதற்குள் மற்ற ஐந்து தேர்களும் கடந்து போயின. ஆணிக்கு நடுங்கும் அண்ணனுக்கு அடுத்த ஆண்டு பல்லக்கு கொடுங்கள் என்று கூட்டம் கூவிச் சிரித்தது. நீர் அவன் சாட்டையைப் பறித்துப் புல் சுமக்க அனுப்பினீர். நாமும் தடுக்கவில்லை.

நேற்று அத்தேரைக் கழுவக் கழற்றினார்கள். அந்த வெள்ளிக் கடையாணியைக் கையில் வாங்கிப் பார்த்தோம். மடக்கிய விரல்போல் வளைந்து, பாதிக்குமேல் அறுந்திருந்தது. அவன் இறுக்காமல் விட்டிருந்தால் அடுத்த வளைவிலேயே சக்கரம் கழன்றிருக்கும். அன்று ஆதனுக்குப் பின்னால் தேரில் நின்றவன் நம் மகன்.

ஓட்டத்துக்கு முன்பே ஆதன் நம்மிடம் வந்தான். வெள்ளி மென்மையானது, வளைவில் தாங்காது, துளைக்கு அளவாகப் பொருந்தும் இரும்பாணியே போதும், அதையும் முதற்சுற்றில் அச்சு சூடேறியபின் ஒருமுறை தட்டிப் பார்க்கவேண்டும் என்று பணிந்து சொன்னான். வெயிலில் மின்னும் என்பதற்காக வெள்ளியைத் தேர்ந்தவள் நான். ஊரே சிரித்தபோதும் அவன் இதை எவரிடமும் சொல்லவில்லை.

ஆகவே, அதே களத்தில், அதே கூட்டத்தின் முன், சாட்டையை உம் கையாலேயே அவனிடம் தருக. இனி ஓட்டத்தேர்களுக்கு ஆணி தேர்பவன் அவனே. சந்தனத்தை இனிச் சக்கரத்தின் விளிம்பு வட்டையில் சாத்துக; ஆணி கைக்கு எட்டும்படி இருக்கட்டும். அடுத்த ஓட்டத்திலும் நம் மகன் அவன் பின்னால் நிற்பான்.

இவ்வோலையின் அரக்கில் அரச மோதிரம் இல்லையே என ஐயுற வேண்டா. அந்த வளைந்த ஆணியின் தலையை நம் கையாலேயே அழுத்திப் பதித்தோம். இதுவே முத்திரை; இதுவே ஆணை.