பூண்டுக்குப் போன புது வீடு

ஆவணி 9, செவ்வாய்

மூன்றாம் நாளாக மழை. துணி காயவில்லை. வில்பட்டி பஸ் லேட்.

செய்ய வேண்டியது: சங்கக் கூட்டத்துக்கு ஆள் சொல்ல. காவ்யாவுக்குக் கம்பளி சாக்ஸ். தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர்.

ஒன்பது குடும்பம் சங்கமாகச் சேர்ந்து, ஒருவர் வீட்டுக்கு மற்றவர் கல் சுமந்து கட்டிய புது வீடுகள். எட்டில் குடியேறிவிட்டோம். ஒன்பதாவது பாப்பாத்தி அக்காவுக்கு. சீட்டுக் குலுக்கலில் கடைசி. ஞாயிறு மாலை பால் காய்ப்பு.

பழைய வீட்டின் ஈரச்சுவரும் அடுப்புப் புகையும் போன பிறகு என் மகள் காவ்யாவுக்கு ஒரு தடவைகூட மூச்சிழுப்பு வரவில்லை. மருந்து பம்ப் அலமாரியில் தூசி பிடித்துக் கிடக்கிறது. கண் படாமல் இருக்கட்டும்.

ஆவணி 11, வியாழன்

விதைப்பூண்டில் பூஞ்சை வாடை. புகை போட்டால்தான் தாங்கும். பொதுப் புகைக்கொட்டகைக்கோ இன்னும் கூரை இல்லை.

என் வீட்டுக்காரர்: "மூணே நாளு அடுப்புக்கு மேல கட்டிக்கிறேன். வெதை போச்சுன்னா அடுத்து என்னத்த ஊனுறது?"

வீட்டுக்குள் பூண்டுக்குப் புகை போடக்கூடாது. சங்கத் தீர்மானம். எழுதியவள் நான், செயலாளர். வாயை மூடிக்கொண்டேன். புகை வெளியேறாமல் இருக்க மேல் துவாரத்தில் சாக்கு. அடைத்தது அவர். சாக்கை எடுத்துக் கொடுத்தது நான்.

ஆவணி 12, வெள்ளி

விடியலில் காவ்யாவுக்கு இழுப்பு. பம்ப் அடித்தும் நிற்கவில்லை. பால் வண்டியில் ஏறிக் கொடைக்கானல் ஆஸ்பத்திரி. முகமூடி வைத்து மருந்துப் புகை. அரைமணியில் மூச்சு சீரானது. அதுவரை எனக்கு உயிர் இல்லை.

நர்ஸ்: "வீட்ல வென்டிலேஷன் இருக்காம்மா?"

"இருக்குங்க."

சாக்கைப் பற்றிச் சொல்லவில்லை.

மதியம் வந்ததும் அதைப் பிடுங்கி எறிந்தேன். பூண்டுக் கொத்துகளை அவரே அவிழ்த்தார்.

ஆவணி 14, ஞாயிறு

காலை கூட்டம். எழுந்து சொல்லிவிட்டேன். தீர்மானத்தை மீறியது நான்தான், செயலாளர் வேலைக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று. யாரும் திட்டவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு மேல் வீட்டு அண்ணன் மெதுவாக, "எங்க வீட்டுலயும் தொங்குது தாயி." அப்புறம் இன்னொருவர். எட்டு வீட்டிலும்! களவாணிக் கூட்டம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பாப்பாத்தி அக்கா: "அப்ப எல்லாத்தையும் என் வீட்டுக்குத் தூக்கியாங்க. கூரை இருக்கு, ஆளு இல்ல. கொட்டகை வேயுற வரைக்கும் நான் பழைய வீட்டுலயே கெடக்கேன்."

பழைய வீடு என்றால் தகரமும் தார்ப்பாயும். மழை வந்தால் அக்காவுக்கு இருமல் விடாது. எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும்தான். பொழுது சாய்வதற்குள் எட்டு வீட்டுப் பூண்டும் அங்கே ஏறிவிட்டது. பால் காய்ப்பு தள்ளிப்போனது.

ஆவணி 15, திங்கள்

தூக்கம் பிடிக்கவில்லை. வெள்ளனே காவ்யாவோடு போய் அக்காவின் பாய், டிரங்குப் பெட்டி, மாத்திரைப் பை மூன்றையும் தூக்கிக்கொண்டேன். கொட்டகை முடியும்வரை எங்களோடு இருங்கள் என்றேன். மாட்டேன் என்று அடம். காவ்யா கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் கிளம்பினாள்.

வழியில் அவள் புது வீட்டு முன்னால் நின்றோம். இன்னும் பால் காய்ச்சாத அடுப்பில் பூண்டுக்குப் புகை. வெள்ளையடித்த சுவர் அதற்குள் மேலே கறுத்திருந்தது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எதுக்குடி அழுவுற? எட்டு வீட்டு வெதையும் என் வீட்டுல. இனிமே எவ என்னைய எதுத்துப் பேசுவா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு முடியவில்லை, இருமல் பிடித்துக்கொண்டது.