கிராம்பு போடாத குருமா

கம்பெனி பஸ் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. காலில் கட்டோடு மேக்ஸ்வெல் தூங்கிக்கொண்டிருந்தான். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எஸ்லின் எழுதினாள்.

“என்னங்க, இட்லியும் குருமாவும் ஹாட்பாக்ஸ்ல இருக்கு. சாப்பிட்டதும் மாத்திரை போடுங்க, ஒண்ணுகூட விடாதீங்க. பதினோரு மணிக்கு ஃபெபா சிஸ்டர் கட்டு மாத்த வருவாங்க. சாவி மேல் வீட்டு மாதேஸ்வரி அக்காகிட்ட இருக்கு, நீங்க எந்திரிக்க வேணாம்.”

பேனா நின்றது. போன மாதம், அவள் வேலை பார்க்கும் கம்பெனி லேபில் கிருமி வளர்த்த தட்டில் கிராம்பு எண்ணெய் தனியாகச் சின்ன வட்டமளவுக்குத்தான் கிருமியைக் கொன்றது. ஓம எண்ணெயும் அப்படித்தான். இரண்டையும் கலந்து விட்டதும் பாதித் தட்டு சுத்தமாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அவள் போட்டோ எடுத்து, எந்தெந்த எண்ணெய் என்றும் எழுதி அவனுக்கு அனுப்பினாள். அவனுக்குச் சர்க்கரை, மிஷின் தகடு கிழித்த புண் காலில் ஆறாமல் இருந்தது. அவளிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு, நாட்டு மருந்துக் கடையில் இரண்டு எண்ணெயையும் வாங்கிக் கலந்து தடவினான். புண் வெந்தது. போன வாரம் இரண்டு கால்விரலை எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவன் கேட்டது ஒன்றுதான்: “நீதான அனுப்புன?”

அதன்பிறகு அவள் மனசு கிராம்பு வைத்த பல்லைப் போல மரத்துக் கிடந்தது.

“தட்டு வேற, கால் வேறன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும்” என்று எழுதினாள். ஓரத்தில் நெருக்கி, “குருமாவுல கிராம்பு போடல.”

வெளியே ஹாரன் கேட்டது. தாளைத் திருப்பி, தேதிக்கு மேலேயே எழுதினாள்:

“இன்னைக்கு பெங்களூர்ல இருந்து பெரிய ஆளுங்க அந்தத் தட்டைப் பாக்க வர்றாங்க. நான்தான் விளக்கிச் சொல்லணும். கைதட்டுவாங்க. வர லேட்டாகும்.”