பூட்டிவைத்த கையுறைகள்

என் ரோஸ்லி அக்காவுக்கு,

நேற்று நம் தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் உங்களுக்கு இரங்கல் கூட்டம் நடந்தது. உங்கள் படத்துக்கு டாக்டர் மாலை போட்டார். மேனேஜரும் அவரும் உங்களைத் தேவதை என்று சொன்னார்கள்.

உயிரோடு இருந்தபோது உங்களை எப்படி நடத்தினார்கள் என்று எனக்குத் தெரியாதா? டாக்டர் பங்களாவில் விருந்து என்றால், பரிமாற வரச் சொல்லி நர்சுகளுக்கு ஆள் அனுப்புவார்கள். மூன்றரை வருடம் படித்துவிட்டு பீர்மேடு மலைக்கு வந்து, நாம் பீங்கான் தட்டு துடைத்தோம். நீங்கள்தான் முதலில் மறுத்தீர்கள்.

"வார்டுல சீக்காளிங்க கெடக்காவ சார். அவங்கள விட்டுட்டு உங்க வீட்டு விருந்துக்கு நாங்க வர மாட்டோம். அதுக்கா படிச்சோம்?"

டாக்டர் அப்போது சிரித்தார். அதற்குப் பிறகு வார்டுக்கு நீங்கள் கேட்ட சாமான் எதுவும் வரவில்லை.

நிறைமாதக்காரியான செல்லம்மாளை தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து ஜீப்பில் கொண்டுவந்த நாளை மறப்பேனா? அவள் கண்ணெல்லாம் மஞ்சள், ரத்தத்தில் தொற்றும் காமாலை. உங்கள் விரலில் ஆறாத வெட்டுக்காயம். நம்மிடம் இருந்ததோ கிழிந்து, ஒட்டுப்போட்டு, கொதிக்கவைத்த கையுறைகள். புதியவை ஸ்டோர் அலமாரியில். சாவி டாக்டரிடம். நான் பங்களாவுக்கு ஓடினேன்.

"ஒட்டுப் போட்டதே போதும். புதுசு இன்ஸ்பெக்ஷனுக்கு இருக்கட்டும்" என்றார்.

திரும்பி வந்து சொன்னேன். நீங்கள் ஒரு நொடி என்னைப் பார்த்தீர்கள். "சரி, வெந்நியக் கொண்டா" என்றீர்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து உங்கள் கண்கள் மஞ்சளாயின. உங்களைக் கொண்டுபோன நோய் அந்த ரத்தத்திலிருந்துதான் வந்தது என்று யாரால் சொல்ல முடியும் என்று டாக்டர் இப்போது கேட்கிறார்.

நேற்று என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். எங்கள் ஊர் எலப்புள்ளிப் பேச்சுதானே எனக்கு, அப்படியே வந்துவிட்டது.

"ஏனுங்க டாக்டர், தேவதைன்னா கையுறை வேண்டாம்னுதான் அப்படிச் சொல்றீங்களா? அக்கா நர்சுங்க. கையுறை கேட்டாங்க. பூட்டி வெச்சுட்டுத் தர மாட்டேன்னீங்க. வந்து கேட்டது நாந்தானுங்க."

மேனேஜர் டாக்டரைப் பார்த்தார், டாக்டர் தரையைப் பார்த்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த உங்கள் அம்மா எழுந்தார். கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்களால் மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எம் மவ படத்த இங்க மாட்ட வேண்டாம். நான் கொண்டுபோறேன்" என்றார். படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பின்னாலேயே கூட்டத்துக்கு வந்திருந்த தோட்டத் தொழிலாளிகளும் எழுந்து போனார்கள்.

இன்று காலை பிரசவ அறையில் புதுக் கையுறைப் பெட்டிகள் இருந்தன. யார் வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவற்றைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை அக்கா, ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு எளிதாக முடிகிற காரியத்துக்கா நீங்கள் போக வேண்டியிருந்தது?

மத்தியானம் டாக்டர் கூப்பிட்டு, ஊருக்கே திரும்பிப் போவது எனக்கு நல்லது என்றார். "வேலைய விட்டு எடுக்கறதா இருந்தா எழுதிக் குடுங்க, காரணத்தையும் சேர்த்து" என்றேன். இதுவரை எழுதித் தரவில்லை. பங்களாவுக்கு இன்று ஒரு நர்சும் போகவில்லை.

உங்கள் சபைப் பாதிரியார் சாயங்காலம் வந்து, மன்னித்துவிடு மகளே என்றார். நீங்கள் மன்னித்திருப்பீர்களோ என்னவோ. உங்கள் மனசு அப்படி. நான் மன்னிக்கப் போவதில்லை. இங்கே இருந்தாலும் வேறு எங்கே அனுப்பினாலும், உங்களைப் பற்றிக் கேட்கிற ஒவ்வொருவரிடமும் நீங்கள் நோயால் செத்தீர்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்த மாட்டேன். இது சத்தியம்.

கூடப் பிறக்காத உங்கள் தங்கை,
வசந்தா