ஊரப்பாக்கத்தில் மறித்த வண்டி

செங்கல்பட்டு,
18.12.2005

அன்பு மகள் பிரபாவுக்கு அப்பா எழுதுவது. மழையும் சேறுமாகக் கிடந்தாலும் நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். நான் போனில் சரியாகப் பேசுவதில்லை என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். பேசினால் பாதியில் குரல் உடைந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த மழையில் ஊரப்பாக்கத்தைத் தாண்டித் தண்டவாளத்துக்கு அடியில் மண் இளகிவிட்டது, எண்பதில் போகிற இடத்தில் இருபது கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவு. என் காலை வண்டி தினமும் தாமதம். ஜனங்களுக்கு உத்தரவு எங்கே தெரியும், முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிற என்னைத்தான் தெரியும். போன மாதம் இருபத்தொன்பதாம் தேதி ஊரப்பாக்கத்தில் வண்டி நின்றதும் நூறு பேர் இறங்கித் தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். என் கேபின் கதவைத் திறக்க முடியாமல் கூட்டம். ஒன்றரை மணி நேரம் உள்ளேயே கிடந்தேன், ஒன்றுக்குப் போகக்கூட இறங்க விடவில்லை, உன்னிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நடைமேடையில் நின்று என் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கத்தியது வேறு யாருமில்லை, நம் பக்கத்து வீட்டு அருணகிரி. "இன்னா அண்ணாத்த, ரயில ஓட்டிகினு கீறியா, மாட்டு வண்டியா? இன்னிக்கும் லேட்டுன்னா வேலைய வுட்டுத் தூக்கிடுவான்" என்றான். அங்கே மண் இளகிக் கிடக்கிறது, வேகமாக விட்டால் யாருமே ஆபீசுக்குப் போக மாட்டீர்கள் என்று தொண்டை கிழியச் சொன்னேன், ஒருவர் காதிலும் ஏறவில்லை. அப்புறம் எங்கிருந்தோ ஒரு கல் வந்து முன் கண்ணாடி உடைந்தது. அருணகிரி எறியவில்லை, அவன் இரண்டு கையும் என் ஜன்னலில்தான் இருந்தன.

விசாரணையில் கூட்டத்துக்கு முன்னால் நின்றது யார் என்று எழுதித் தரச் சொன்னார்கள். பெயரைக் கொடுத்தால் போலீஸ் கேஸ், அன்றைக்கே அவன் வேலை போய்விடும். சாயங்காலம் அவன் பெண்டாட்டி சரோஜா வாசலில் வந்து நின்று, "அண்ணா, ஆபீஸ்ல மூணு மெமோ வாங்கிகினு கீறாரு, அந்தக் கோவம்தான், உங்க மேல ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். யாரையும் அடையாளம் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதோடு விட்டுவிடுவார்கள் என்று பார்த்தால், கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றரை மணி நேரம் நின்ற முகம் தெரியாதவருக்குச் சிக்னல் எப்படித் தெரியும், கண் பரிசோதனைக்குப் போங்கள் என்று அதிகாரி சொல்லிவிட்டார். தேறாவிட்டால் வண்டியை விட்டு இறக்கிவிடுவார்கள். தேறினால் நான் எழுதியது பொய் என்றாகிவிடும். பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லையம்மா. அம்மா மட்டும், "ரெண்டு எழுத்து தெரியலன்னு சொல்லிட்டு வா, இந்த பேஜாரே வாணாம்" என்றாள். நானும் அப்படிச் சொல்வதாகத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். டாக்டர் விளக்கைக் காட்டி என்ன நிறம் என்று கேட்டபோது, பின்னால் ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்குப் பச்சையைப் பார்த்துச் சிவப்பு என்று சொல்ல நாக்கு புரளவில்லை. கடைசி வரி வரை ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டேன்.

பொய் வாக்குமூலம் என்று மெமோ கொடுத்திருக்கிறார்கள். இப்போதாவது பெயரைச் சொல், விட்டுவிடுகிறோம் என்கிறார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. இந்த வேலையை விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை, ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது, எனக்கு வேறு தொழிலும் தெரியாது. அருணகிரிக்கு இதெல்லாம் தெரியாது, நானும் சொல்லவில்லை. ஊரப்பாக்கத்து வேக உத்தரவை இன்னும் எடுக்கவில்லை. நேற்றும் அந்த இடத்தில் இருபதுக்கு இறக்கினேன், பின்பெட்டி ஜன்னலிலிருந்து ஒருவன் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுக் குரல் எனக்குத் தெரியாதா. இருபதிலேயே போனேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு, டூட்டி முடிந்து தனியாக நடந்து வராதே. நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது இந்தப் பேச்சை எடுக்காதே, அந்த நேரம் சரோஜா நம் வீட்டில்தான் உட்கார்ந்திருப்பாள்.

உன் அப்பா,
செங்கல்வராயன்