அண்ணன் இல்லாத டைப்பிங் கடை

கூடப்பிறக்காமலே எனக்கு மூத்தவளாக வந்த சல்மா அக்காவுக்கு,

நமக்குள் எப்போதும் இங்கிலீஷ்தான். அதில் நீ, நீங்கள் என்ற வம்பே இல்லை. தமிழில் எழுத உட்கார்ந்ததும் திண்டாடிப்போனேன். ‘நீ’ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் இங்கிலீஷில் எனக்கு அழ வராது.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். நாளைக்கு வந்துவிடுவாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். செய்தி கேட்டு உன் வீட்டுக்கு ஓடிவந்தபோது அடக்கமே முடிந்திருந்தது. உன் மெத்தையைச் சுருட்டிச் சுவரோரம் வைத்திருந்தார்கள். அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். முகம் பார்க்காமல் ஒருத்தியை எப்படி அனுப்பிவைப்பது, சொல்லு?

இதைப் படிப்பவர்களுக்கு உன்னைத் தெரியாது. சான்சிபாரிலிருந்து துபாய்க்கு வந்த கறுப்புப் பெண் நீ. அரபியிலும் இங்கிலீஷிலும் உன்னைப்போல் டைப் அடிக்க நம் கம்பெனியில் ஆள் கிடையாது. நீ வேலை கற்றுக்கொடுத்த ஆண்கள் ஒவ்வொருவராக உனக்கே மேலதிகாரி ஆனார்கள். பெரிய மனிதர்கள் வரும் நாளில் உன்னை முன்மேஜையிலிருந்து எழுப்பி ஸ்டோர் ரூமுக்கு அனுப்புவார்கள். சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால் எனக்குக் கிடைத்த பதில், "உங்க ஹஸ்பெண்ட் சம்பாதிக்கிறாரே மேடம்."

நம் ஊர்க்காரர்கள் மட்டும் சளைத்தவர்களா? "அந்தக் கறுப்பியோட உனக்கென்ன சிநேகிதம்?" என்று என் வீட்டு சோபாவில் உட்கார்ந்தே ஒருத்தி கேட்டாள். அவளும் என்னைப்போல் கறுப்புதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காபி ஆறுது, குடிச்சிட்டுக் கிளம்பு" என்றேன்.

ஒருநாள் ஸ்டோர் ரூமிலிருந்து எழுந்து வந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு நீ சொன்னாய்: "கலாஸ், போதும் கமலா. நமக்குன்னு ஒரு கடை போடலாம்."

போர்டு எழுதுகிறவர் கடைக்கு என்ன பெயர் என்று கேட்டார். நாம் யோசிக்கவே இல்லை. நான் உன்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா?" என்றேன். என்ன சொல்ல என்று கேட்டேன், அவ்வளவுதான். அந்த மனிதர் அதையே பெயர் என்று எடுத்துக்கொண்டு, தன் காதில் விழுந்தபடி அரபியில் ‘அக்’ என்று எழுதிக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். அக் என்றால் அண்ணன் தம்பி. நீ படித்துப் பார்த்துவிட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தாய். "சிஸ்டர் மாஃபி, சிஸ்டரே இல்லை கமலா. ஒன்லி பிரதர்."

மாற்றவேண்டாம் என்று நீதான் சொன்னாய். வருகிறவர்கள் எல்லாம், "பிரதர் எங்கே?" என்பார்கள். "டீ குடிக்கப் போயிருக்கார், உட்காருங்க" என்பாய். பிரதருக்காக அவர்கள் காத்திருக்கும் நேரத்தில் விண்ணப்பத்தை அடித்து நீட்டிவிடுவாய். அப்புறம் யாரும் பிரதரைக் கேட்டதில்லை.

சிரிப்பாய், ஆனால் உனக்கு அது உறுத்தியது. லைசன்ஸில் இருந்தது கடைக்குச் சட்டப்படி பொறுப்பேற்ற உள்ளூர்க்காரரான நம் கஃபீலின் பெயரும், ஒருநாளும் அங்கே வந்து உட்காராத என் வீட்டுக்காரர் பெயரும்தான். "என் பேரை ஒரு காகிதத்துல பார்க்கணும் கமலா" என்பாய். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் கேட்டோம். நாம் ‘அர்பாப்’, அதாவது முதலாளி, என்று கூப்பிடும் அவர் நல்ல மனிதர்தான், கோபப்படமாட்டார். "அடுத்த வருஷம், இன்ஷா அல்லா" என்பார்.

நீ போனபிறகு அவர் வந்தார். உனக்காகக் கையேந்தி துஆ செய்தார். பிறகு, "அரபிக்கு ஆள் மாஃபி. என் தம்பி மகன் சும்மாதான் இருக்கான், முன்னாடி உட்காரட்டும். நீங்க உள்ளே இருந்து அடிங்க மேடம்" என்றார். வீட்டில் இவரும், "விட்டுடேன் கமலா, அவங்க இல்லாம உன்னால முடியாது" என்றார். உண்மைதானே? அதனால்தான் அப்படி வலித்தது. உன் மெஷினில் உட்கார்ந்து பார்த்தேன். அரபி மெஷினில் எல்லாம் எதிர்ப்பக்கம் ஓடுகிறது. ஒரு வரி முடிப்பதற்குள் மேஜையில் தலை சாய்த்துவிட்டேன்.

அப்போதுதான் மர்யம் வந்தாள். சூடான்காரப் பெண், டைப் படித்தவள். ஒரு ஆபீஸில் வேலை உண்டு, முன்மேஜையில் மட்டும் இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். போர்டைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, "பிரதர் இருக்காரா?" என்றாள். டீ குடிக்கப் போயிருக்கார் என்று சொல்ல வாயெடுத்தேன் அக்கா. வரவில்லை. ஓவென்று அழுதுவிட்டேன். பாவம், பயந்துபோனாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உன் மெஷினில் காகிதத்தைச் சொருகிப் பாதியில் நின்ற வேலையை முடித்துவிட்டாள். அன்றே அவளை வேலைக்குச் சேர்த்துக்கொண்டேன்.

லைசன்ஸ் புதுப்பிக்க கஃபீல் வந்தார். முன் நாற்காலியில் மர்யம் இருந்தாள். பார்த்தார், கையெழுத்துக்குப் பேனாவை எடுத்தார். "எங்க பேர்?" என்றேன். "அடுத்த வருஷம், இன்ஷா..." என்று ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, அவர் கையிலிருந்து காகிதத்தை வாங்கிக்கொண்டேன். "சல்மாவுக்கு அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை, அர்பாப்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தபடியே, "அடிக்கச் சொல்லுங்க" என்றார். மர்யம் புதுக் காகிதத்தில் அவர் பெயருக்குக் கீழே, என் வீட்டுக்காரர் பெயர் இருந்த இடத்தில், என் பெயரை அடித்தாள், தன் பெயரை அடித்தாள். அவர் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். முடிந்துவிட்டது.

அவ்வளவுதான் அக்கா. அவருக்கு வைத்த டீகூட ஆறவில்லை. இதற்காகவா உன்னை அத்தனை வருஷம் காக்கவைத்தார்கள்?

மர்யம் சந்தோஷத்தில் என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் சிரித்தேன். அவள் சாப்பிடப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உன் பெயர் இருக்கவேண்டிய இடத்தை எத்தனை தரம் பார்த்தாலும் அங்கே எங்கள் இரண்டு பெயர்தானே இருக்கிறது?

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். இந்தக் கடைக்கு வேலை தேடி வரும் எந்தப் பெண்ணையும் பின்னறைக்கு அனுப்பமாட்டேன். அவள் பெயருக்கு ‘அடுத்த வருஷம்’ என்று தவணை சொல்லவும் மாட்டேன். உனக்குச் சொன்னது போதும்.

தேராவிலிருந்து,
உன் கடையைத் திறந்து வைத்திருக்கும் தங்கை,
கமலா